கையில் இறங்கிய காய்ச்சல்

நிந்தவூரில் கடற்கரைக்குப் போகும் ஒரு குறுகிய ஒழுங்கையில் மீன் விற்கும் ஏவாரிமாரின் வீடுகள்தான் அதிகம். அந்த ஏவாரிமாருக்குள் சீனிமுகம்மதுவைப் போல வீட்டுக்குள் ராசாவாக வாழ்ந்த ஆம்பிளை வேறு யாரும் இல்லை. சுபஹுத் தொழுகையோடு எழும்பிக் கல்முனைக் கடற்கரையில் மீன் எடுப்பார். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் போட்ட ரெஜிபோம் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு சம்மாந்துறை தாண்டி, எல்லையில் இருக்கும் சோதனைச் சாவடி தாண்டி, அம்பாறைக்கும் அங்கால சிங்களக் கொலனிகளில் கொண்டுபோய் விற்பார். பின்னேர அசர் தொழுகைக்கு முன் வீடு திரும்பி முன் விறாந்தையில் கிடக்கும் மர வாங்கில் குந்துவார். அதற்குப் பிறகு அவர் உடம்பில் அசைவது வாய் மட்டும்தான். தண்ணீர்க் குவளை கையெட்டும் தூரத்தில் இருந்தாலும் "நஸீறா" என்று ஒரு சத்தம் போட்டால்தான் அது அவர் கைக்கு வரும்.

மீன் ஏவாரி வீடு என்றுதான் பேர். வீட்டுக்கு வரும் மீன் செதிலோடும் குடலோடும் முழுசாகத்தான் வரும். அதை உரசி, அறுத்து, கழுவி, தேங்காய் துருவி, ஆணம் காய்ச்சி அவர் முன்னால் வைப்பதெல்லாம் அவருடைய மனைவி நஸீறாவின் பாடு. ஒரு வாய் வைத்துவிட்டு "உப்புக் காணா" என்பார்.

"மீன் விக்கிற ஆம்புளட வேல. மீன் வெட்டுற பொம்புளட வேல." இது அவர் அடிக்கடி சொல்லும் சட்டம்.

ஆனால் சோதனைச் சாவடி தாண்டியதும் சீனிமுகம்மது ஆளே மாறிப்போவார். அது அவராகத் தேடிக்கொண்ட மாற்றம் இல்லை, சுனாமி செய்த வேலை. சுனாமி வந்து போன கையோடு நாட்டில் ஒருவரும் மீன் தின்னவில்லை. கடல் அத்தனை சனத்தை இழுத்துக்கொண்டு போயிருக்க, மீனின் வயிற்றுக்குள் என்ன கிடக்குமோ என்ற பயம். கொலனிப் பெண்கள் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். சீனிமுகம்மது யோசித்தார். அடுத்த நாள் ஒரு கத்தியையும் பலகையையும் கொண்டுபோய், அவர்கள் கண் முன்னாலேயே மீனின் வயிற்றைக் கிழித்துக் காட்டினார். பார்த்தவர்கள் வாங்கினார்கள்.

கிழித்த மீனைக் கழுவித் தரச் சொன்னார்கள், கழுவினார். துண்டு போடச் சொன்னார்கள், போட்டார். சிங்களப் பெண்கள் அவரை அண்ணன் முறை வைத்து "சீனி நானா" என்று கூப்பிட்டார்கள். சிங்களத்திலும் சீனி சீனிதான் என்பதால் அந்தப் பேர் அவர்கள் வாயில் நன்றாகவே இனித்தது. போகப்போகத் தேங்காயும் துருவிக் கொடுத்தார். ஒரு நாள் அடுப்படியில் நின்று புளிப்புக்குக் கொறக்காய் போட்ட மீன்கறி எப்படி வற்ற வைப்பது என்று அவர்களுக்கே படிப்பித்தார்.

அதைக் கண்ட கொலனி ஆண்கள் சிரித்தார்கள். வெட்கம் தாங்காமல் சீனிமுகம்மது வாய்க்கு வந்ததைச் சொன்னார்: "வீட்டிலும் நான்தான் சமையல். மனைவி சுனாமியில் அடிபட்டுப் படுத்த படுக்கை. பாவம்."

ஆண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து வேறெந்த ஏவாரியிடமும் அந்தக் கொலனி மீன் வாங்கவில்லை.

சண்டை முடிந்த வருசம், மழைக்காலம் தொடங்கும் நேரம், சீனிமுகம்மதுவுக்குக் காய்ச்சல் வந்தது. உலகமெல்லாம் சுற்றிவந்த காய்ச்சல்தான். ஆஸ்பத்திரியில் மூக்குக்குள் குச்சியை விட்டுப் பார்த்து, முடிவு வந்ததும் டொக்டர் மூன்றடி தள்ளி நின்று சொன்னார்:

"ஐயா, உங்களுக்கு வந்திருக்கிறது பன்றிக் காய்ச்சல்."

சீனிமுகம்மதுவுக்குக் காய்ச்சலை விடப் பேர்தான் கூடச் சுட்டது.

"டொக்டர், நான் அஞ்சு நேரம் தொழுறவன்."

"வைரஸ் அதெல்லாம் விசாரிக்கிறல்ல."

"வேற பேர் ஒண்டும் இல்லயா இதுக்கு?"

டொக்டர் இங்கிலீசில் எழுத்தும் எண்ணுமாக ஒரு பேர் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியிலேயே அது சீனிமுகம்மதுவுக்கு மறந்துபோனது. ஆகவே வீட்டில் அதற்கு "அந்தக் காய்ச்சல்" என்று பேர் வைத்தார்கள். சுகாதாரப் பகுதியிலிருந்து பீ.எச்.ஐ. வந்து, தனி அறையில் கிடக்க வேண்டும், மாஸ்க் போட வேண்டும், காய்ச்சல் மாறும்வரைக்கும் மீன் பெட்டியில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு அச்சிமுகம்மதுவும் மீன் ஏவாரிதான். அவர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "சீனி, கொலனியில என்னத்தடாப்பா திண்டாய்?" என்று கேட்டார். சீனிமுகம்மது யன்னலைச் சாத்திவிட்டுப் போர்வைக்குள் புகுந்தார்.

காய்ச்சலோடு கிடந்த மனிசனை எழுப்பியது போன்தான். கொலனியில் அவருடைய பெரிய வாடிக்கை ஹீன் மெனிக்கே என்ற அம்மா. அவளுடைய மகன் பட்டாளத்தில் இருந்தவன், வன்னிச் சண்டை முடிந்து உயிரோடு வீடு திரும்பியிருந்தான். அதற்காக அவள் விகாரைப் பிக்குமாருக்குத் தானச் சாப்பாடு கொடுக்க இருந்தாள். அந்தத் தானத்துக்கு நல்ல அறக்குளா மீன் கொண்டு வருவதாகச் சீனிமுகம்மது எப்போதோ சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார்.

போனில் அவர் சிங்களத்தில் கதைத்த கதை நஸீறாவுக்கு விளங்கவில்லை. ஆனால் குரல் விளங்கியது. கதவுக்கு வெளியே கொத்தமல்லித் தண்ணீரோடு நின்றவள் கேட்டாள்:

"ஆரது? குரல் இப்பிடி உருகி ஓடுது?"

"ஏவாரக் கதை புள்ள. பட்டாளத்துக்குப் போன மகன் உசிரோட வந்ததுக்குத் தானமாம், மீன் வேணுமாம். ஏலா எண்டு சொல்லத்தான் வேணும்."

"என்னத்துக்கு ஏலா? புள்ள உசிரோட வந்ததுக்குக் குடுக்கிற சாப்பாடு. நான் கொண்டுபோறன்."

சீனிமுகம்மது கட்டிலில் எழும்பிக் குந்தினார். காய்ச்சல் அந்த நிமிசமே விட்டுவிட்டது போல இருந்தது.

"உனக்கென்ன விசரா? பொம்புள போற இடமா அது?"

"சண்டைதான் முடிஞ்சிட்டே. தம்பி சாலிஹ்ட ஓட்டோவில போறன். அவனுக்குச் சிங்களமும் தெரியும்."

"ஊரு என்ன சொல்லும்?"

"எல்லாரும் மாஸ்க் போட்டிரிக்கிற நேரம். ஆரு நஸீறா, ஆரு பக்கத்து வீட்டு முனவ்வறா எண்டு ஊருக்கென்ன தெரியும்?"

"மீன் கெட்டுப் போகும்."

"ஐஸ் போட்டா?"

"சோதனைச் சாவடியில மறிப்பாங்க."

"மறிச்சா, எங்கட மனிசனுக்கு அந்தக் காய்ச்சல் எண்டு சொல்லுவன். கிட்டவும் வரமாட்டாங்க."

அதற்கு மேல் சொல்ல அவரிடம் காரணம் இருக்கவில்லை. உண்மையான காரணத்தைச் சொல்ல வாயும் இருக்கவில்லை. அடுத்த நாள் வெள்ளண சாலிஹின் ஓட்டோ மீன் பெட்டியோடும் நஸீறாவோடும் ஒழுங்கையை விட்டுப் போகும் சத்தம் கேட்டது. சீனிமுகம்மது தலைகாணியை முகத்தில் அமத்திக்கொண்டு, ஓட்டோவின் ரயர் காற்றுப் போக வேண்டும் என்று துஆ கேட்டார். காற்றுப் போகவில்லை.

போன் அடித்தது.

"இஞ்சாருங்க." நஸீறாவின் குரல் மெதுவாக இருந்தது. அவள் சத்தம் போட்டால் வெறும் காற்று என்பதும், மெதுவாகக் கதைத்தால்தான் பயப்பட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

"என்ன புள்ள, மீன் குடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல. நான் ஆரெண்டு சாலிஹ் சொன்ன உடன இஞ்ச எல்லாரும் அழுறாங்க. ஒரு மூத்தம்மா குனிஞ்சு என்ட கணுக்காலத் தடவிப் பாக்கிறா. ஒராள் என்னப் பாத்துக் கையெடுத்துக் கும்புடுறா. என்னத்துக்கு?"

சீனிமுகம்மது பொய்யாக இருமத் தொடங்கினார். இடையில் அது மெய்யான இருமலாக மாறிவிட்டது. நஸீறா பொறுமையாக இருமல் முடியும்வரை நின்றாள்.

"சாலிஹ் விசாரிச்சுச் சொன்னான். சுனாமியில அடிபட்டு அஞ்சு வருசமாப் படுக்கையில கிடந்த நான், மீனுக்காக எழும்பி வந்திரிக்கனாம். மெய்யா?"

"நஸீறா, அது வந்து…"

"அத மறுகா வீட்ட வந்து கதைப்பம். இப்ப ஒண்டு மட்டும் சொல்லுங்க. எனக்கு எந்தக் கால் ஏலா?"

"ஆ?"

"இடதா, வலதா? சுருக்காச் சொல்லுங்க. ஓட்டோவ விட்டு என்ன எறக்கப் போறாங்க. நொண்ட வேணாமா?"

அவர் போர்வைக்கு வெளியே நீண்ட தன் கால்களைப் பார்த்தார். "வ… வலது" என்றார். போன் கட் ஆனது.

சீனிமுகம்மது கட்டிலில் சாய்ந்தார். அல்லாஹ் ஒரு நல்ல பெண்ணைத்தான் தந்திருக்கிறான் என்று நெஞ்சு இளகியது. அப்போதுதான் ஒரு மழை நாளில் மெனிக்கே அம்மாவிடம் தன் இடது தொடையைத் தட்டிக் காட்டி விளக்கம் சொன்னது நினைவுக்கு வந்தது. பதறியடித்துக்கொண்டு போனை எடுத்தார்.

"நஸீறா! இடது! இடது கால்!"

"வாசல் முத்தம் முழுக்க வலதில நொண்டி வந்து இப்பதான் குந்தினன்." அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கதைப்பது கேட்டது. "இனி என்ன செய்ய?"

"தெரியாதே புள்ள."

"போனை வெச்சுப்போட்டுக் கிடங்க. போகக்குள்ள ரெண்டாலயும் நொண்டுறன்."

ஆனால் அவள் போனை வைக்கவில்லை, மடியில் வைத்தாள் போல. கொலனி முற்றத்துச் சத்தமெல்லாம் அவர் காதில் விழுந்தது. கோழி கத்தியது. பாத்திரங்கள் உரசின. பிறகு மெனிக்கே அம்மாவின் குரல், உடைந்த தமிழில், தேன் மாதிரி வந்தது:

"குந்துங்க தங்கம், குந்துங்க. வெயில்ல வந்த நீங்க. முதல்ல தண்ணி குடிங்க. வேல பொறகு."

சீனிமுகம்மது கண்ணை இறுக்கி மூடினார். அந்தத் தமிழ் முழுக்க அவர் படிப்பித்த தமிழ்.

பிறகு நஸீறா போனைக் காதில் வைத்தாள்.

"'தங்கம்' எண்டு ஒரு சொல் உங்களுக்குத் தெரியும் எண்டது எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

அதைச் சொன்ன குரலில் கோபம் இருக்கவில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவளை எப்படியெல்லாம் கூப்பிட்டோம் என்று யோசித்துப் பார்த்தார். "நஸீறா", "புள்ள", "எங்க போய்த் துலைஞ்ச". அவ்வளவுதான் தேறியது. காய்ச்சல் மறுபடியும் ஏறியது.

பின்னேரம் ஓட்டோ வந்து நின்றது. பெட்டி காலியாக இருந்தது. பெட்டி நிறைய மீன் போன இடத்தில் இருந்து செவ்விளநீர்க் குலையும், இடுப்புக்குப் பூசும் கறுத்த எண்ணெய்ப் போத்தலும், பூ வேலை செய்த மெத்தென்ற தலைகாணியும் வந்திருந்தன. மீன் வெட்டக் கத்தியைத் தொடக்கூட அவளை விடவில்லையாம். பெண்களே வெட்டி, பெண்களே கழுவி, அவளுக்கு விசிறிக்கொண்டும் நின்றார்களாம். இவ்வளவையும் சாலிஹ்தான் யன்னலுக்கு வெளியே நின்று சிரிப்பை விழுங்கிக்கொண்டு சொன்னான். நஸீறா கொத்தமல்லித் தண்ணீரைக் கதவடியில் வைத்துவிட்டுப் போனாள். அவர் காய்ச்சலோடு கிடந்த நாளெல்லாம் ஒரு குறையும் இல்லாமல் பார்த்தாள். அவள் காலடி கேட்கும்போதெல்லாம் அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

காய்ச்சல் விட்டு, தலைக்குத் தண்ணீர் வார்த்து, வெள்ளைச் சாரனோடு விறாந்தைக்கு வந்து வாங்கில் குந்திய அன்று, பழைய பழக்கத்தில் கூப்பிட்டார்:

"நஸீறா, தேத்தண்ணி."

தேத்தண்ணி வரவில்லை. எழும்பிப் போய்ப் பார்த்தார். நஸீறா கட்டிலில் பூ வேலைத் தலைகாணியில் தலையை வைத்து, கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள்.

"என்ன புள்ள, உனக்கும் அந்தக் காய்ச்சலா?"

"இல்ல. நான் சுனாமியில அடிபட்டவ. அஞ்சு வருசம் படுக்கையில கிடந்தனாம், ஆனா ஒரு நாளும் கிடந்து பாக்கல்ல. எப்பிடி இரிக்கும் எண்டு பாப்பம் எண்டு கிடக்கன்."

"ஆரு சமைக்கிற?"

"வீட்டில நீங்கதானாமே சமையல். உங்கட சொல்ல நான் பொய்யாக்கலாமா?"

கெஞ்சிப் பார்த்தார். கோபப்பட்டுப் பார்த்தார். பசி வந்ததும் கதவையும் யன்னலையும் சாத்திவிட்டுக் குசினிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் கொறக்காய் போட்டு வற்ற வைத்த மீன் வாசம் வீடு முழுக்க நிறைந்தது. நஸீறா கட்டிலில் இருந்தபடியே ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய் வைத்தாள். மூன்றாவது வாயில்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

"இவ்வளவு நல்லா ஆக்கத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா எனக்கிட்ட உப்புக் காணா எண்ட நீங்க?"

அவர் குற்றவாளியைப் போல அகப்பையோடு நின்றார். அடுத்த நாளும் அவள் எழும்பவில்லை. கதவுகளைச் சாத்திக்கொண்டு அவர் சமைத்ததும், கதவுகளைச் சாத்திக்கொண்டே இருவரும் தின்றதும் அப்படியே தொடர்ந்தன. நாலு பேர் பார்க்காதவரை தன் மானத்துக்குக் குறைவில்லை என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஆனால் நாலு பேர் அல்ல, ஒரு பஸ் நிறையச் சனம் பார்க்க வந்தது.

அது போயா என்னும் பௌர்ணமி லீவு நாள். நஸீறா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். முற்றம் கூட்ட மட்டும் எழும்புவது என்று அவளாகவே ஒரு விதி வைத்திருந்தாள். போன் அடித்தது. மெனிக்கே அம்மா. சண்டைக் காலமெல்லாம் கடற்கரைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத கொலனிச் சனம், பஸ் பிடித்துக் கடல் பார்க்க வந்திருக்கிறதாம். காரைதீவுச் சந்தியில் நிற்கிறார்களாம். சீனி நானாவின் நோயாளி மனைவியைப் பார்க்காமல் போனால் மனசு ஆறாதாம்.

சீனிமுகம்மது போனை வைத்தார். அவர் முகத்தைப் பார்த்து நஸீறாவுக்கு எல்லாம் விளங்கியது. தும்புத்தடியை வீசிவிட்டு உள்ளே ஓடியவள் வாசற்படியில் நின்று கேட்டாள்:

"எந்தக் கால்?"

"ரெண்டும்! ரெண்டும்!"

பஸ் ஒழுங்கைக்குள் வர இடமில்லாமல் முனையிலேயே நின்றது. வெள்ளைச் சேலையும் பூச்சட்டையுமாகப் பெண்கள் இறங்கி வந்தார்கள். ஒழுங்கைச் சனம் முழுக்க வேலியில் தொங்கியது. நஸீறா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலாலும் மாறிமாறி நொண்டி வாசலுக்கு வந்து வரவேற்றாள். பார்க்க வாத்து நடக்கிற மாதிரி இருந்தது. மெனிக்கே அம்மா அவளைக் கட்டிப்பிடித்தாள். பிறகு எல்லாருமாகச் சேர்ந்து சீனி நானாவைப் பார்த்துச் சிரித்தார்கள். சீனி நானாவின் கைச் சமையலைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவோம் என்றார்கள். குசினி இருட்டு, புகை, முற்றத்தில் வைத்தே ஆக்கலாம் என்று அவர்களே அடுப்புக் கல்லையும் தூக்கி வைத்தார்கள்.

பட்டப்பகலில், ஒழுங்கையே பார்த்திருக்க, சீனிமுகம்மது சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு திருவலையில் குந்தித் தேங்காய் துருவினார்.

அச்சிமுகம்மதுவின் மனைவி முனவ்வறா, சீனிமுகம்மதுவை அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிடுபவள், வேலியைப் பிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டாள்.

"அல்லாஹ்வே! என்னகா நஸீறா, இப்ப முத்தம் கூட்டின, காலுக்கு என்ன நடந்த? சீனி காக்கா என்ன செய்றாரு?"

நஸீறா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் மெனிக்கே அம்மா நிற்கிறாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும். சீனிமுகம்மதுவின் கை நின்றது. மூளை ஓடியது. வாழ்க்கையில் ஒருநாளும் ஓடாத வேகத்தில் ஓடியது.

"அந்தக் காய்ச்சல்தான் முனவ்வறா," என்றார், மெனிக்கே அம்மாவுக்குப் பிடிபடாத வேகத்தில், தேங்காயைப் பார்த்தபடி. "விடக்குள்ள ஒவ்வொராளுக்கு ஒவ்வொரு இடத்தில எறங்குமாம். இவக்குக் கால்ல எறங்கிட்டு. எனக்குக் கையில. கைய சும்மா வெச்சிரிக்க ஒண்ணா. துருவணும், அரியணும், கிண்டணும். இல்லாட்டி விரல் மடங்கிரும்."

முனவ்வறா அவருடைய கையைப் பார்த்தாள். தேங்காய்ப்பூ பூப்பூவாக விழுந்துகொண்டிருந்தது. பிறகு திரும்பி, வேலியில் சாய்ந்து பல்லுக் குத்திக்கொண்டு நின்ற தன் கணவனைப் பார்த்தாள். மறுபடியும் தேங்காயைப் பார்த்தாள்.

"சீனி காக்கா," என்றாள் மிகவும் மரியாதையாக. "ஒருக்கா வந்து எங்கட மனிசன்ட மூஞ்சிக்கு நேரா இருமிட்டுப் போங்களன்."

அச்சிமுகம்மது பல்லுக்குச்சியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் பாய்ந்து கதவைப் பூட்டினார். அதற்குள் பின் வீட்டு ஆயிஷா உம்மாவும் வந்து, தன் மருமகனுக்கும் ஒரு இருமல் கிடைக்குமா என்று கேட்டாள். இன்னும் இரண்டு பேர் வேலிப் படலைக்கு வெளியே நின்றார்கள். கொலனிப் பெண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் நானாவுக்கு ஊரில் நல்ல மதிப்பு என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டார்கள்.

சாப்பாடு முடிந்து, கடலும் பார்த்து வந்த சனத்தை ஏற்றிக்கொண்டு பஸ் புறப்பட்டது. அப்போதுதான் நஸீறா கண்டாள்: மெனிக்கே அம்மாவின் கைப்பை வாங்கில் கிடந்தது. அவள் யோசிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டம். ஒழுங்கை முழுக்க, முந்தானை பறக்க, கத்திக் கூப்பிட்டுக்கொண்டு, சந்தி திரும்பிய பஸ்ஸை எட்டிப் பிடித்து யன்னலுக்குள் பையைக் கொடுத்தாள்.

சீனிமுகம்மது படலையில் நின்று, மீன் மணக்கும் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் நஸீறாவின் கால்களை எட்டிப் பார்த்தார்கள். பிறகு எல்லா யன்னலிலிருந்தும், விகாரையில் சொல்வது போல, "சாது! சாது!" என்று பெரிய கூக்குரல் எழும்பியது. அவள் சுகமாக வேண்டும் என்று தாங்கள் வைத்த நேர்த்தி பலித்துவிட்டது என்று கொலனியே அழுது சிரித்துக் கைகாட்டிக்கொண்டு போனது.

நஸீறா மூச்சு வாங்க வந்து, அவரையும் கூட்டிக்கொண்டு போய் விறாந்தை வாங்கில் குந்தினாள். வியர்வையை முந்தானையால் துடைத்தாள்.

"சுகமாகிட்டன்," என்றாள். "வாற கிழமையிலிருந்து நானும் ஓட்டோவில கொலனிக்கு வாறன். அந்த மனிசிமாரோட கதைக்க எனக்குப் புடிச்சிரிக்கி. நீங்க வெட்டுங்க, நான் நிறுக்கன்."

சீனிமுகம்மது உள்ளே போனார். தண்ணீர்க் குவளையோடு வந்தார். கொடுக்கும்போது "தங்…" என்று வாயெடுத்தார். மற்றப் பாதிக்கு முன் இருமல் வந்தது.

வேலிக்கு அங்கால அச்சிமுகம்மதுவின் வீட்டில் ஒரு யன்னல் திறந்தது. "இஞ்சால திரும்பி இருமுங்க காக்கா!" என்று முனவ்வறா கத்தினாள்.